அணித் தலைமைக் குழப்பமும் ஓட்டுநர் இடமாற்றமும்: ஃபார்முலா 1 குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் ஓர் அணியின் தலைவர் பதவி ஆட்டம் காணும்போதெல்லாம், அந்த அணியின் ஓட்டுநர்கள் எங்கே போவார்கள் என்ற பேச்சும் கூடவே கிளம்பிவிடுகிறது. இரண்டும் தனித்தனிச் செய்திகளாக வெளிவந்தாலும், பெரும்பாலான சமயங்களில் அவற்றுக்கு வேர் ஒன்றுதான்: அணி யார் கையில் இருக்கிறது, அடுத்த காரை யார் வடிவமைக்கப் போகிறார்கள் என்பதே அந்த வேர். 2025ஆம் ஆண்டுப் பருவம் முடியும் வரை நடந்தவற்றை ஆதாரமாகக் கொண்டு கீழ்க்காணும் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

அணித் தலைவர் மாறினால் ஓட்டுநர் ஏன் கவலைப்பட வேண்டும்?

ஓட்டுநரின் திறமை எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அவர் வெல்வாரா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது கார்தான். இந்த ஆண்டு ஓடும் காரின் அடிப்படை எண்ணங்கள் ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பே உருவாகிவிடுகின்றன. ஆகவே ஓட்டுநர் ஒருவர் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, இன்றைய காரை நம்பிக் கையெழுத்திடுவதில்லை. அந்த மூன்றாண்டுகளில் யார் வடிவமைப்பார், யார் ஆட்களைச் சேர்ப்பார், பணத்தை எதில் செலவிடுவது என்று யார் முடிவெடுப்பார் என்பதை நம்பித்தான் கையெழுத்திடுகிறார். அந்த மனிதர்கள் வெளியேறினால், ஒப்பந்தத் தாள் அப்படியே இருந்தாலும் அவர் நம்பிய பொருள் கையை விட்டுப் போய்விடுகிறது.

இதற்குப் பணக் கணக்கு சார்ந்த காரணமும் உண்டு. 2021ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் அணியும் ஆண்டுக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்ற உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. முதல் ஆண்டில் அது 14 கோடியே 50 லட்சம் அமெரிக்க டாலராக இருந்தது. ஆனால் ஓட்டுநர்களின் சம்பளமும், அணியில் மிக அதிகமாகச் சம்பளம் பெறும் மூவரின் ஊதியமும் அந்த வரம்புக்குள் வருவதில்லை. காரின் மேல் காற்று பாயும் விதத்தைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்திலும் புதிய பாகங்களிலும் விருப்பம்போல் பணத்தைக் கொட்ட முடியாத பெரிய அணிகளுக்கு, பணபலத்தைத் தடையின்றிக் காட்ட எஞ்சியிருக்கும் இடங்களில் முக்கியமானவை ஓட்டுநர் இருக்கையும் உச்சத்திலுள்ள சில பதவிகளும்தான். ஒரு வடிவமைப்பாளரின் விலகல் ஓட்டுநரின் விலகலுக்கு இணையான பரபரப்பை இன்று உண்டாக்குவது இதனாலும்தான்.

ரெட் புல் அணியில் 2024இலும் 2025இலும் உண்மையில் என்ன நடந்தது?

கதை 2022 அக்டோபரில் தொடங்குகிறது. ரெட் புல் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரும் பந்தய அணியின் காவலராக விளங்கியவருமான டீட்ரிச் மாட்டெஷிட்ஸ் அம்மாதம் காலமானார். நிறுவனத்தின் 51 விழுக்காடு தாய்லாந்தின் யூவித்யா குடும்பத்திடமும், 49 விழுக்காடு மாட்டெஷிட்ஸின் மகன் மார்க்கிடமும் நின்றது. மாட்டெஷிட்ஸ் உயிரோடு இருந்த காலத்தில் அணித் தலைவர் கிறிஸ்டியன் ஹார்னர், ஆலோசகர் ஹெல்முட் மார்கோ, வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி ஆகிய மூவருக்கும் மேலே எல்லோரும் கட்டுப்பட்ட ஒரே நடுவர் இருந்தார். அவர் மறைவுக்குப் பிறகு அணியில் இறுதிச் சொல் யாருடையது என்ற கேள்வி திறந்தே கிடந்தது.

2023இல் அந்த வெற்றிடம் வெளியே தெரியவில்லை. 22 பந்தயங்களில் 21ஐ ஓர் அணி வென்றுகொண்டிருந்தால் அதன் உட்பூசலைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை. 2024 பிப்ரவரித் தொடக்கத்தில், ஹார்னரின் நடத்தை குறித்து ஊழியர் ஒருவர் அளித்த புகாரின் பேரில் சுயேச்சையான விசாரணை நடைபெறுவதாக ரெட் புல் தாய் நிறுவனம் அறிவித்தது. ஹார்னர் குற்றச்சாட்டை மறுத்தார். பிப்ரவரி 28 அன்று புகார் தள்ளுபடி செய்யப்பட்டது. பின்னர் செய்யப்பட்ட மேல்முறையீடும் அதே ஆண்டு ஆகஸ்டில் தள்ளுபடியானது. சட்டப்படி விவகாரம் அங்கே முடிந்தது; அதிகாரப் போட்டி முடியவில்லை. பஹ்ரைன் பந்தயத்தின்போது பெயர் தெரியாத ஒருவரிடமிருந்து பத்திரிகையாளர்களுக்கு இந்த விவகாரம் குறித்து மின்னஞ்சல் சென்றது. ஹார்னர் பதவியில் நீடித்தால் அணி உடைந்துபோகும் என்று அணியின் முதன்மை ஓட்டுநர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனின் தந்தை ஜோஸ் பகிரங்கமாகவே கூறினார். அடுத்த வாரம் ஜெட்டாவில், மார்கோ இடைநீக்கம் செய்யப்படலாம் என்ற பேச்சு எழுந்தபோது, மார்கோ இருந்தே ஆகவேண்டும் என்று மேக்ஸ் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இது ஓர் ஓட்டுநர் தன் எதிர்காலத்தைக் காட்டி நிர்வாகத் தகராறில் ஒரு பக்கம் எடை வைத்த தருணம். அண்மைக் காலத்தில் இவ்வளவு நேரடியாக நடந்த வேறொரு தலையீட்டை நினைவுக்குக் கொண்டுவருவது கடினம்.

அதன் பிறகு ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். தலைமை வடிவமைப்பாளராக இருந்த ராப் மார்ஷல் ஏற்கெனவே போட்டி அணியான மெக்லாரனுக்குப் போயிருந்தார். 2024 மே 1 அன்று நியூவியின் விலகல் அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் அவர் ஆஸ்டன் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்தார். நெடுங்கால விளையாட்டு இயக்குநர் ஜோனதன் வீட்லி, ஆடியாக மாறவிருந்த சாபர் அணிக்குத் தலைவராகப் போனார். பந்தய வியூகத் தலைவர் வில் கோர்ட்னியும் மெக்லாரனுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். 2024 இறுதியில் வெர்ஸ்டாப்பன் நான்காவது முறையாக உலக வாகையர் ஆனார். அணியோ, அணிகளைத் தரவரிசைப்படுத்தும் தயாரிப்பாளர் பட்டியலில் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. 2025 ஜூலை 6 அன்று சில்வர்ஸ்டோன் பந்தயம் முடிந்தது; ஜூலை 9 அன்று ஹார்னர் பொறுப்புகளிலிருந்து விடுவிக்கப்பட்டார். இருபது ஆண்டுகளில் 124 வெற்றிகள், 8 ஓட்டுநர் பட்டங்கள், 6 தயாரிப்பாளர் பட்டங்கள் ஈட்டித் தந்த தலைவர், பருவத்தின் நடுவே நீக்கப்பட்டார். துணை அணியான ரேசிங் புல்ஸின் தலைவர் லோராங் மெக்கீஸ் அவருடைய இடத்துக்கு வந்தார். அதே ஆண்டு டிசம்பரில் மார்கோவின் விலகலும் அறிவிக்கப்பட்டது.

வெர்ஸ்டாப்பனைத் தக்கவைத்துக்கொள்ளத்தான் ஹார்னர் நீக்கப்பட்டாரா?

அப்படித்தான் பலர் எழுதினார்கள். காலவரிசை அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்கிறது என்பதை மறுக்க முடியாது. 2025 ஜூன் இறுதியில் ஆஸ்திரியாவில், மெர்சிடிஸ் வெர்ஸ்டாப்பனுடன் பேசிக்கொண்டிருப்பதாக அந்த அணியின் சொந்த ஓட்டுநர் ஜார்ஜ் ரஸ்ஸலே வாய்விட்டுச் சொன்னார். இரண்டு வாரங்களுக்குள் ஹார்னர் வெளியேறினார். ஜூலை 31 அன்று ஹங்கேரியில், 2026இலும் ரெட் புல்லில்தான் ஓட்டுவேன் என்று வெர்ஸ்டாப்பன் உறுதிப்படுத்தினார்.

ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை ஒன்றினால் ஒன்று நடந்தவை ஆகிவிடா. நிறுவனம் நீக்கத்துக்கான காரணத்தை வெளியிடவில்லை. என் கணிப்பில் கேள்வியைத் தலைகீழாகக் கேட்பதே பொருத்தம்: ஓர் ஓட்டுநரின் விலகல் பேச்சு, இருபதாண்டுத் தலைவரின் பதவியை அசைக்கும் அளவுக்கு எப்படி வலிமை பெற்றது? கார் முன்போல் வேகமாக இருந்திருந்தால் அந்தப் பேச்சுக்கு எடையே இருந்திருக்காது. திறமைசாலிகள் வெளியேறியதால் கார் தளர்ந்தது. கார் தளர்ந்ததால் ஓட்டுநரின் கை ஓங்கியது. ஓட்டுநரின் கை ஓங்கியதால் உரிமையாளர்கள் தலைவரை நோக்கித் திரும்பினார்கள். இந்தச் சங்கிலியில் ஓட்டுநர் கடைசிக் கண்ணிகளில் ஒன்றுதான்.

நீக்கத்துக்குப் பின் நடந்ததையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் இறுதியில் சான்ட்வோர்ட் பந்தயம் முடிந்தபோது வெர்ஸ்டாப்பன் முன்னணியில் இருந்த மெக்லாரன் ஓட்டுநர் ஆஸ்கர் பியாஸ்ட்ரியைவிட 104 புள்ளிகள் பின்தங்கியிருந்தார். அதற்குப் பிந்தைய ஒன்பது பந்தயங்களில் ஆறை வென்று, கடைசியில் மற்றொரு மெக்லாரன் ஓட்டுநர் லாண்டோ நோரிஸிடம் வெறும் இரண்டு புள்ளிகளில் பட்டத்தை இழந்தார்; 423க்கு 421. இதை முழுக்க மெக்கீஸின் சாதனையாகச் சொல்வது அவசரம். அந்தக் கார் ஹார்னர் காலத்தில் பிறந்தது. எனினும், தலைமை மாறியதும் அணி சிதறிப்போகும் என்று சொன்னவர்களின் ஆரூடம் பலிக்கவில்லை என்பது கண்கூடு.

வெர்ஸ்டாப்பனின் ஒப்பந்தம் 2028 வரை இருக்கும்போது இடமாற்றப் பேச்சுக்கே இடமில்லையே?

ஒப்பந்தத்தின் இறுதி ஆண்டு என்பது வாசகர்களை மிக எளிதாகத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் தகவல். செய்தி அறிக்கையில் இடம்பெறுவது இறுதி ஆண்டு மட்டுமே. உள்ளே இருக்கும் விலகல் விதிகள் வெளியிடப்படுவதில்லை.

லூயிஸ் ஹாமில்டனின் ஒப்பந்தம் இதற்குத் தெளிவான சான்று. 2025 இறுதி வரை மெர்சிடிஸில் நீடிப்பார் என்று 2023 ஆகஸ்ட் 31 அன்று அறிவிக்கப்பட்டது. ஐந்தே மாதங்களில், 2024 பிப்ரவரி 1 அன்று, 2025இல் அவர் ஃபெராரிக்குப் போகிறார் என்ற அறிவிப்பு வந்தது. எந்த ஒப்பந்தமும் மீறப்படவில்லை. ஓராண்டு முன்னதாகவே விலகிக்கொள்ளும் உரிமை அதே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது, அவர் அதைப் பயன்படுத்திக்கொண்டார். பருவத்தின் முதல் பந்தயம்கூடத் தொடங்காத நிலையில், விலகப்போகும் ஓட்டுநருடன் ஓர் ஆண்டு முழுவதும் பணியாற்ற வேண்டிய நிலைக்கு மெர்சிடிஸ் வந்தது.

விலகல் விதி அணியின் பக்கமும் வெட்டும். செர்ஜியோ பெரஸுக்கு 2026 வரை நீட்டிப்பு அளிப்பதாக 2024 ஜூனில் ரெட் புல் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் அணியில் இல்லை. டேனியல் ரிக்கியார்டோவிடம் 2023 வரை மெக்லாரன் ஒப்பந்தம் இருந்தது. 2022 ஆகஸ்டில் இரு தரப்பும் பேசி அதை ஓராண்டு முன்னதாக முடித்துக்கொண்டன. இத்தகைய முறிவுகளில் பணம் கைமாறுகிறது. ஆகவே ‘இவருக்கு ஒப்பந்தம் இருக்கிறது’ என்ற வாக்கியத்தின் சரியான பொருள், ‘இவரை நகர்த்த ஒரு விலையும் ஒரு தேதியும் இருக்கக்கூடும்’ என்பதுதான். வெர்ஸ்டாப்பனின் ஒப்பந்தத்திலும், புள்ளிப் பட்டியலில் அவர் வகிக்கும் இடத்தைச் சார்ந்த விலகல் விதி இருப்பதாக 2025இல் பரவலாக எழுதப்பட்டது. கோடை விடுமுறைக்கு முந்தைய வாரங்களில் அந்தப் பேச்சு உச்சத்துக்குப் போனதற்கு அதுவே காரணம்.

ஒரே ஓட்டுநரை இரண்டு அணிகள் உரிமை கொண்டாடினால் யார் தீர்ப்பது?

ஒப்பந்த அங்கீகார வாரியம் என்றொரு அமைப்பு இருக்கிறது. 1991இல் ஸ்பாவில் ஜோர்டான் அணிக்காக அறிமுகமான மிக்கேல் ஷூமாக்கர், அடுத்த பந்தயமான மோன்சாவிலேயே பெனட்டன் காரில் தோன்றியதும் எழுந்த சட்டச் சண்டைக்குப் பிறகு உருவாக்கப்பட்ட ஏற்பாடு இது. ஓட்டுநர் ஒப்பந்தங்கள் அங்கே பதிவாகின்றன. தகராறு வந்தால் எந்த ஒப்பந்தம் செல்லும் என்பதை வழக்கறிஞர்கள் அடங்கிய குழு முடிவு செய்கிறது.

2004இல் ஜென்சன் பட்டன் வில்லியம்ஸுக்குப் போவதாக அறிவித்தபோது, அவர் அப்போது ஓட்டிக்கொண்டிருந்த பிஏஆர் அணியின் பக்கம் வாரியம் தீர்ப்பளித்தது. 2022இல் பியாஸ்ட்ரி விவகாரம் இன்னும் கூர்மையானது. ஜூலை 28 அன்று செபாஸ்டியன் வெட்டல் ஓய்வை அறிவித்தார். ஆகஸ்ட் 1 அன்று அவருடைய ஆஸ்டன் மார்ட்டின் இருக்கைக்கு ஃபெர்னாண்டோ அலோன்ஸோ அல்பீனிலிருந்து போவதாக அறிவிப்பு வந்தது. மறுநாளே அல்பீன், தன் ரிசர்வ் ஓட்டுநர் பியாஸ்ட்ரி 2023இல் ஓட்டுவார் என்று அறிவித்தது. அந்த அறிக்கையில் பியாஸ்ட்ரியின் சொற்கள் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தவர்களுக்கு, சில மணி நேரத்தில் அவர் வெளியிட்ட மறுப்பு வியப்பளித்திருக்காது. செப்டம்பர் 2 அன்று வாரியம் மெக்லாரனுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வழங்கியது. மெக்லாரன் ஜூலை 4 அன்றே முறையான ஒப்பந்தம் செய்திருந்தது; அல்பீனிடம் 2023க்கான செல்லத்தக்க ஒப்பந்தம் இல்லை.

ஓட்டுநர் விலகல், பொறியாளர் விலகல்: எதை முதலில் கவனிக்க வேண்டும்?

பொறியாளர் விலகலை. இதை நான் தயக்கமின்றிச் சொல்வேன்.

ஒரு முக்கியப் பொறியாளர் அணி மாறும்போது, போட்டி அணியில் உடனே சேர்ந்துவிடாதபடி, சம்பளத்துடன் பல மாதங்கள் வீட்டில் இருக்க வைக்கப்படுகிறார். வீட்லியின் விலகல் 2024 ஆகஸ்ட் 1 அன்று அறிவிக்கப்பட்டது. சாபரில் அவர் பணி தொடங்கியது 2025 ஏப்ரலில். நியூவி 2025 மார்ச்சில்தான் ஆஸ்டன் மார்ட்டினில் வேலையைத் தொடங்கினார். அவருடைய எண்ணம் காராக மாற அதற்கு மேலும் காலம் பிடிக்கும். எனவே பொறியாளர் விலகலின் விளைவு தாமதமாகத்தான் பந்தயத் தடத்தில் தெரியும். ஆனால் தெரியும்போது ஆழமாகத் தெரியும். மார்ஷல் 2024 ஜனவரியில் மெக்லாரனில் சேர்ந்தார்; அந்த ஆண்டே மெக்லாரன் 1998க்குப் பின் முதல் முறையாகத் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது. அந்த வெற்றியை ஒருவரின் கணக்கில் மட்டும் எழுதக்கூடாது என்றாலும், மெக்லாரனின் எழுச்சியில் ஓட்டுநர் சந்தையைவிடப் பொறியாளர் சந்தைக்கே பங்கு அதிகம். நோரிஸ் 2019இலிருந்து அங்கேயே இருந்தார். மாறியது அவருக்குக் கிடைத்த கார்.

ஃபெராரியில் தலைவர் பதவி ஏன் எப்போதும் ஆட்டம் காண்கிறது?

ஃபெராரி கடைசியாக ஓட்டுநர் பட்டத்தை வென்றது 2007இல், கிமி ராய்க்கோனன் மூலம்; தயாரிப்பாளர் பட்டம் 2008இல். அதற்குப் பிந்தைய காலத்தில் ஸ்டெஃபானோ டொமெனிக்காலி, மார்கோ மத்தியாச்சி, மவுரிட்சியோ அரிவாபெனே, மத்தியா பினோட்டோ ஆகியோர் வரிசையாகப் பதவியிழந்தார்கள். 2022இல் நான்கு பந்தயங்களை வென்று அணியை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்த பினோட்டோவும் அந்தப் பருவத்துடன் விலகினார். 2023 ஜனவரியில் ஃப்ரெட் வஸோர் வந்தார்.

2025 ஜூனில், கனடா பந்தயத்தை ஒட்டி, வஸோரின் பதவிக்கு ஆபத்து என்று இத்தாலியப் பத்திரிகைகள் எழுதின. ஹாமில்டனும் ஷார்ல் லெக்லேரும் அவரை வெளிப்படையாக ஆதரித்தார்கள். ஜூலை 31 அன்று அவருடைய ஒப்பந்தம் பல ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. அதன் பிறகும் அந்தப் பருவம் ஃபெராரிக்கு நான்காம் இடத்தில், ஒரு கிராண்ட் பிரி (முதன்மைப் பந்தயம்) வெற்றிகூட இல்லாமல்தான் முடிந்தது. முந்தைய ஆண்டோ அவர்கள் தயாரிப்பாளர் பட்டத்தை 14 புள்ளிகளில்தான் தவறவிட்டிருந்தார்கள். நவம்பரில் ஃபெராரி நிறுவனத்தின் தலைவர் ஜான் எல்கன், ஓட்டுநர்கள் குறைவாகப் பேசி ஓட்டுவதில் கவனம் செலுத்த வேண்டும் என்று கூறியது புதிய வதந்திகளுக்கு விதையானது.

இங்கே ஃபெராரியின் சொந்த வரலாறே ஒரு பாடம் சொல்கிறது. ஜான் டோட் 1993 ஜூலையில் அணித் தலைவராகப் பொறுப்பேற்றார். ஷூமாக்கர் 1996இலும், தொழில்நுட்ப இயக்குநர் ராஸ் பிரான் அதற்குச் சற்றுப் பின்னும் வந்தார்கள். முதல் தயாரிப்பாளர் பட்டம் 1999இல். ஓட்டுநர் பட்டம் 2000இல். அந்த ஏழு ஆண்டுகளில் டோட்டை நீக்கும்படி எத்தனையோ குரல்கள் எழுந்தன. உரிமையாளர் தரப்பு அசையாமல் நின்றதால்தான் அந்த மாபெரும் காலம் பிறந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைவரை மாற்றினால், எந்தத் தலைவரும் தான் தொடங்கிய காரின் பலனைப் பார்க்காமலே போகிறார். தோல்விக்குத் தண்டனையாகத் தலைவரை நீக்குவது ரசிகர்களின் கோபத்தைத் தணிக்கலாம், காரை வேகமாக்குவதில்லை.

அல்பீனில் நடந்தது தனி விவகாரமா?

அதே விவகாரத்தின் தீவிர வடிவம். 2023 ஜூலையில் தலைமைச் செயல் அதிகாரி லோராங் ரோஸி மாற்றப்பட்டார். சில நாள்களில், பெல்ஜியப் பந்தயத்தின்போதே, அணித் தலைவர் ஓட்மார் சாஃப்னவரின் வெளியேற்றம் அறிவிக்கப்பட்டது. அவர் பதவியில் இருந்தது ஒன்றரை ஆண்டுதான். புரூனோ ஃபமான் இடையில் வந்தார். 2024இல் ஆலிவர் ஓக்ஸ் வந்தார். 2025 மே மாதம் ஓக்ஸ் பதவி விலக, அணியின் பொறுப்பு ஆலோசகர் ஃபிளாவியோ பிரியட்டோரேவின் கைக்குப் போனது. ஓக்ஸ் விலகலுக்கு மறுநாள், அந்தப் பருவத்தில் ஆறே பந்தயங்கள் ஓட்டியிருந்த ஜாக் டூஹனுக்குப் பதிலாக ஃபிராங்கோ கொலாபின்டோ அறிவிக்கப்பட்டார். தாய் நிறுவனமான ரெனோ, சொந்த எஞ்சின் தயாரிப்பையே கைவிட்டு, 2026 முதல் மெர்சிடிஸ் எஞ்சினை வாங்க முடிவு செய்த பின்னணியில் இவற்றைப் பார்க்க வேண்டும். உரிமையாளரின் நோக்கம் நிலையில்லாமல் இருக்கும்போது தலைவர் பதவி நிலைக்காது. தலைவர் நிலைக்காத இடத்தில் இளம் ஓட்டுநருக்குப் பொறுமை காட்ட யாரும் இருப்பதில்லை. டூஹன் விஷயத்தில் நடந்தது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

ரெட் புல்லின் இரண்டாவது இருக்கை ஏன் இத்தனை பேரைக் காவு வாங்குகிறது?

2018 இறுதியில் ரிக்கியார்டோ போனதிலிருந்து பியர் கேஸ்லி, அலெக்ஸ் ஆல்பன், பெரஸ், லியாம் லாசன், யூகி சுனோடா என்று ஐந்து பேர் அதில் அமர்ந்துவிட்டார்கள். கேஸ்லிக்குப் பன்னிரண்டு பந்தயங்கள். லாசனுக்கு இரண்டே இரண்டு. 2026க்கு இசாக் ஹஜார் தேர்வானார். வெர்ஸ்டாப்பனின் ஓட்டும் பாணிக்கு ஏற்ப, முன்சக்கரங்கள் மிகக் கூர்மையாகத் திரும்பும் திசையில் கார் வளர்ந்தது. பின்பகுதி நிலைகொள்ளாத அந்தக் காரை மற்றவர்களால் எல்லைவரை ஓட்ட முடியவில்லை. இத்தனை பேர் ஒரே இடத்தில் தடுமாறியிருக்கும்போது, குறையை ஓட்டுநர்களிடம் மட்டும் தேடுவது சரியாகாது. இங்கிருந்து போன கேஸ்லியும் ஆல்பனும் வேறு அணிகளில் நன்மதிப்பைப் பெற்றிருக்கிறார்கள்.

பணம் கொடுத்து இருக்கை வாங்குவது இன்னும் நடக்கிறதா?

நடக்கிறது, ஆனால் வடிவம் மாறியிருக்கிறது. பெரிய அணியோ விளம்பர நிறுவனமோ சிறிய அணிக்குப் பணம் தந்து தன் இளம் ஓட்டுநரை அமர்த்துவது பழைய வழக்கம். 2011இல் எச்ஆர்டி அணியில் நரேன் கார்த்திகேயன் பருவத்தின் நடுவே தன் இடத்தை ரிக்கியார்டோவுக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. ரிக்கியார்டோவுக்குப் பின்னால் ரெட் புல் இருந்தது. இன்று ஃபார்முலா 1இல் ஓட்டத் தேவையான தகுதி உரிமம் பெற, மற்றப் பந்தயத் தொடர்களில் மூன்று பருவங்களில் 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும் என்ற விதி இருப்பதால், பணம் மட்டும் போதாது.

2026ஐ ஒட்டி ஏன் இவ்வளவு வதந்திகள்?

எஞ்சினும் காரின் உடலும் ஒரே நேரத்தில் மாறும் ஆண்டு அது. எஞ்சின் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி மின்சாரத்திலிருந்து வருகிறது. ரெட் புல் ஃபோர்டுடன் இணைந்து சொந்த எஞ்சினைக் கட்டுகிறது, ஹோண்டா ஆஸ்டன் மார்ட்டினுடன் சேர்கிறது, சாபர் ஆடியாகிறது, காடிலாக் பதினோராவது அணியாக நுழைந்து பெரஸுக்கும் வால்ட்டேரி போட்டாஸுக்கும் இடம் கொடுக்கிறது. விதிகள் அடியோடு மாறும்போது இன்றைய தரவரிசை நாளைக்கு உதவாது. எந்த எஞ்சின் வலுவாக அமையும் என்பதே ஒவ்வோர் ஓட்டுநரின் மனத்திலும் ஓடும் கேள்வி.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2012 செப்டம்பரில் ஹாமில்டன் மெக்லாரனை விட்டு, அந்தக் காலகட்டத்தில் ஒரே ஒரு பந்தயத்தை மட்டும் வென்றிருந்த மெர்சிடிஸைத் தேர்ந்தெடுத்தபோது பலர் அதைத் தவறு என்றார்கள். 2014இல் புதிய ஹைப்ரிட் எஞ்சின் வந்தது. அவர் அங்கே ஆறு பட்டங்களை வென்றார். அதே எதிர்பார்ப்புடன் 2015இல் மெக்லாரன்-ஹோண்டாவுக்குப் போன அலோன்ஸோவுக்கு மூன்று கசப்பான ஆண்டுகளே கிடைத்தன. இருவரும் செய்தது ஒரே வகைக் கணிப்பு. எனவே 2026க்காக ஓட்டுநர் எடுக்கும் முடிவை, அது பலிக்கும் வரை, அறிவுக்கூர்மை என்றோ அறியாமை என்றோ யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. 2027க்கான ஒப்பந்தங்களில் விலகல் விதிகளுக்கு மதிப்புக் கூடுவதும் இதனால்தான்.

சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் தலைமையிலும் குழப்பம் என்கிறார்களே?

ஓட்டுநர் இடமாற்றத்துடன் அதற்கு நேரடித் தொடர்பில்லை என்றாலும் சுருக்கமாகச் சொல்ல வேண்டியது. ஃபார்முலா 1இன் விதிகளை வகுக்கும் இந்தக் கூட்டமைப்புக்கு 2021 டிசம்பரில் தலைவரான முகமது பின் சுலாயெம் காலத்தில் தலைமைச் செயல் அதிகாரி நத்தாலி ராபின், பந்தய இயக்குநர் நீல்ஸ் விட்டிச், துணைத் தலைவர் ராபர்ட் ரீட் என்று பலர் வெளியேறினார்கள். 2025 தேர்தலில் போட்டியிட முன்வந்த டிம் மேயர் அக்டோபரில் தன் முயற்சியைக் கைவிட்டார். வேட்பாளர் ஒவ்வொரு மண்டலத்திலிருந்தும் துணைத் தலைவரைப் பட்டியலிட வேண்டும் என்பது விதி. தென் அமெரிக்காவிலிருந்து தகுதியுள்ளவராக இருந்த ஒரே ஒருவர் பின் சுலாயெம் பக்கம் இருந்தார். டிசம்பர் 12 அன்று தாஷ்கண்டில் பின் சுலாயெம் எதிர்ப்பின்றி மீண்டும் தேர்வானார். போட்டியே இல்லாத தேர்தல் ஒரு விளையாட்டு அமைப்புக்கு நல்லதல்ல.

ஒரு வதந்தியை வாசகர் எப்படி எடைபோடுவது?

முதலில், அந்தச் செய்தி வெளியாவதால் யாருக்கு நன்மை என்று பாருங்கள். ஒப்பந்தப் பேச்சு நடக்கும் வாரங்களில், வேறோர் அணி ஆர்வம் காட்டுவதாக வரும் செய்தி, ஓட்டுநரின் மேலாளருக்கு விலைபேசும் கருவி. தலைவரின் பதவி ஆடுகிறது என்ற செய்தி, அவருடைய இடத்தை விரும்புபவருக்கோ அவரை நீக்க விரும்புபவருக்கோ உதவும்.

அடுத்து, மறுப்பின் சொற்களைக் கவனியுங்கள். ‘இவர் எங்கள் திட்டத்தின் மையம்’ என்பதும் ‘இவரிடம் ஒப்பந்தம் இருக்கிறது’ என்பதும் வாக்குறுதிகள் அல்ல. ‘அடுத்த ஆண்டு நான் இங்கே ஓட்டுவேன்’ என்று ஓட்டுநரே சொல்வது வேறு. 2025இல் வெர்ஸ்டாப்பன் பல மாதங்கள் முதல் வகைப் பதில்களையே தந்தார். ஜூலை இறுதியில் இரண்டாம் வகைக்கு மாறியதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

அதைவிட முக்கியமானது, இருக்கை காலியாக இருக்கிறதா என்பது. ஓட்டுநர் சந்தை என்பது நாற்காலிப் போட்டி போன்றது. ஒருவர் எழுந்தால்தான் மற்றொருவர் அமர முடியும். ஹாமில்டன் ஃபெராரிக்குப் போனதால் கார்லோஸ் சைன்ஸ் வில்லியம்ஸுக்குப் போனார். மெர்சிடிஸில் காலியான இடம் பதினெட்டு வயதான கிமி அன்டொனெல்லிக்குக் கிடைத்தது. தலைவர்களிடமும் இதே ஓட்டம் உண்டு: 2022 டிசம்பர் 13 அன்று ஒரே நாளில் வஸோர் சாபரிலிருந்து ஃபெராரிக்கும், ஆண்ட்ரியாஸ் சைடில் மெக்லாரனிலிருந்து சாபருக்கும் போக, ஆண்ட்ரியா ஸ்டெல்லா மெக்லாரனுக்குத் தலைவரானார். ஒரு நகர்வைச் சொல்லி, அதனால் காலியாகும் இடத்தையும் வெளியேற்றப்படுபவரின் நிலையையும் விளக்காத செய்தி பெரும்பாலும் அரைகுறையானது.

யாரும் கணிக்காத மாற்றங்கள் நடந்திருக்கின்றனவா?

உண்டு. 2016 நவம்பர் 27 அன்று அபுதாபியில் நிக்கோ ரோஸ்பெர்க் முதல் முறையாக உலக வாகையர் ஆனார். டிசம்பர் 2 அன்று ஓய்வை அறிவித்தார். அவருக்கு ஒப்பந்தம் இருந்தது, உலகின் மிகச் சிறந்த கார் இருந்தது, நிர்வாகத்தில் குழப்பம் எதுவும் இல்லை. எனவே அவர் விலகுவார் என்று சொல்ல எந்த அறிகுறியும் இருக்கவில்லை. வாழ்நாள் இலக்கை எட்டிவிட்டதால் போதும் என்று முடிவு செய்தார். மெர்சிடிஸ் 2017 ஜனவரியில் வில்லியம்ஸிலிருந்து போட்டாஸைப் பெற்றுக்கொண்டது. வில்லியம்ஸில் அதனால் ஏற்பட்ட இடத்தை நிரப்ப, சில வாரங்களுக்கு முன் கண்ணீருடன் விடைபெற்றிருந்த ஃபெலிப்பே மாஸா ஓய்வைக் கைவிட்டு, மேலும் ஒரு பருவம் ஓட்டினார்.